‘யாரோ’ கட்டிய கோயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் துருக்கிப் பயணக் கட்டுரையில், பழைய ஆர்மீனியத் தலைநகரான ஆனியின் பேராலயத்தை ‘எந்தக் காலத்திலோ யாரோ கட்டிய கோயில்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்த ‘யாரோ’ என்னைத் தூங்கவிடவில்லை.

2014இல் நானும் என் மனைவியும் கார்ஸ் நகரிலிருந்து வாடகைக் காரில் ஆனிக்குப் போனோம். கூரை நடுவே வானம் தெரிந்தது. 1319 நிலநடுக்கத்தில் விழுந்த குவிமாடத்தின் இடம் அது. கீழே பள்ளத்தில் ஆறு, அக்கரையில் ஆர்மீனியா. தெற்குச் சுவரின் ஆர்மீனிய எழுத்துகளை எங்களால் படிக்க முடியவில்லை. கையிலிருந்த வழிகாட்டி நூல் சொன்னது: 1001இல் இதைக் கட்டி முடித்தவர் காகிக் மன்னரின் மனைவி கத்ரானிதே. சிற்பி திர்தாத். 989 நிலநடுக்கத்தில் கான்ஸ்தாந்திநோப்பிளின் (இன்றைய இஸ்தான்புல்) பெருங்கோயிலான ஹாகியா சோபியாவின் குவிமாடம் ஒரு பக்கம் சரிந்தபோது, அதைச் சரிசெய்ய இவரைத்தான் தேடினார்கள். அப்பேர்ப்பட்டவர் உங்களுக்கு ‘யாரோ’.

படமாவது சரியா? நீங்கள் போட்டிருப்பது பேராலயமே அல்ல. பாதியாகப் பிளந்து நிற்கும் மீட்பர் ஆலயம். ‘போரில் சிதைந்தது’ என்று கீழே குறிப்பு வேறு. ஐயா, அது சரிந்தது 1957இல், ஒரு புயலில்!

ஆர்மீனியரோடு உங்களுக்கு என்ன பகையோ, சென்ற ஆண்டு ஆர்மீனியாவை ருமேனியா என்று அச்சிட்டீர்கள். மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதை மட்டும் இரண்டு வரியாக நறுக்கி, மன்னார்குடிக்காரனான என்னை மன்னாருக்கு அனுப்பிவைத்தீர்கள். கடல் கடந்து போக எனக்குச் செலவில்லை, நன்றி.

பாரிமுனையில் வங்கி வேலை பார்த்த காலத்தில், மதிய இடைவேளைகளில் அரண்மனைக்காரன் தெருவின் ஆர்மீனியக் கோயிலில் போய் உட்காருவேன். ஆர்மீனியன் தெருவை அரண்மனைக்காரன் தெருவாக்கிய பாமர மக்களை மன்னித்துவிடலாம். காதில் விழுந்ததைச் சொன்னார்கள். ஆனால் ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகையே 1794இல் இதே சென்னையில்தான் அச்சானது என்பது பத்திரிகை ஆசிரியரான தாங்கள் அறியாததா?

கட்டுரையைத் திரும்ப எழுதச் சொல்லவில்லை. அடுத்த இதழில், படத்தில் இருப்பது மீட்பர் ஆலயம் என்று ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். இடமில்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். என்னுடையது கும்பம், எனக்கு ஆட்சேபமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மன்னார்குடி (மன்னார் அல்ல)