சாமந்தித் தொட்டியும் மேல் வீட்டு மதாமும்

சார்செல், பாரிஸ் பக்கம்
3 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்க மூணு பேரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்குன்னு எழுது.

போன் போடும்போதெல்லாம் ரெண்டு கேள்வி தவறாம கேக்குற. சாப்பிட்டியா, தலைக்குப் பூ வச்சியா. முதல் கேள்விக்கு ஆமான்னு சொல்லிடுறேன், ரெண்டாவதை மழுப்பிடுறேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பாப்பா தூங்குறா, அவரு கடைக்குப் போயிருக்காரு. போன்ல ஆரம்பிச்சா பாதியிலேயே பால் பொங்குதுன்னு வச்சிடுவ. அதான் உக்காந்து எழுதுறேன்.

தீபாவளி கதையை முதல்ல சொல்லிடுறேன். முந்தின சனிக்கிழமை சாமான் வாங்கப் போனா, கடை வாசல்ல சாமந்தி. கொஞ்ச நஞ்சம் இல்ல, தட்டு தட்டா அடுக்கி வச்சிருக்கான். மஞ்சள், வெள்ளை, குங்குமக் கலர். ஒவ்வொரு தொட்டியிலயும் கூடையைக் கவுத்து வச்ச மாதிரி உருண்டையா, இலையே தெரியாம பூ. இந்த ஊர்ல இருக்குறவங்களுக்கும் நம்ம பண்டிகை தெரிஞ்சிருக்கேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். மஞ்சள்ல ரெண்டு தொட்டி எடுத்தேன். கல்லாவுல இருந்த பொண்ணு என் மூஞ்சியைப் பார்த்துட்டு, தணிஞ்ச குரல்ல, தைரியமா இருங்க மதாம்னு சொல்லுச்சு. பலகாரம் சுடுற வேலைக்குத்தான் சொல்றான்னு நெனச்சு, மெர்சின்னு நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கதவுக்கு ரெண்டு பக்கமும் தொட்டியை வச்சு, நடுவுல சின்னதா கோலம் போட்டு, ரெண்டு அகல் ஏத்தினேன். கொஞ்ச நேரத்துல மேல் வீட்டு மதாம் இறங்கி வந்தாங்க. எம்பது வயசுக்காரங்க, ஒண்டி. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு "யாருக்கு?"ன்னு கேட்டாங்க. லட்சுமிக்குன்னு சொன்னேன். "ஐயோ, சின்ன வயசா?" அப்படின்னாங்க.

எனக்கு ஒண்ணும் புரியல. உள்ளேருந்து அவரு ஓடி வந்து விளக்கிச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிஞ்சுது. இங்க தொட்டிச் சாமந்தி கல்லறைப் பூ. நவம்பர் 1 இவங்களுக்குப் புனிதர்கள் திருநாள், அரசாங்க லீவு. அன்னைக்கு நாடு பூரா கல்லறையில போய் இந்தத் தொட்டியைத்தான் வைப்பாங்க. விருந்துக்குப் போற வீட்டுக்கு இதை எடுத்துட்டுப் போனா மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க. நான் என்னடான்னா தொட்டி, கோலம், விளக்குன்னு ஒரு சமாதியையே கட்டி வச்சிருக்கேன்! மதாம் அப்புறம் சிரிச்ச சிரிப்பு இருக்கே, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அதிரசம் குடுத்தேன், ரெண்டு சாப்பிட்டாங்க.

நம்ம புதுச்சேரியிலயும் உப்பளம் கல்லறையில நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் பூவா கொட்டிக் கிடக்குமே, எதிர் வீட்டு டீச்சரம்மா வருஷா வருஷம் மெழுகுவத்தியோட போவாங்களே, எனக்கு அந்த நினைப்பே வரல பாரு. ஆனா நமக்கு அது கல்லறைக்கும் ஆகும், மணக்குள விநாயகருக்கும் ஆகும், கல்யாண மாலைக்கும் ஆகும். இவங்கதான் ஒரே இடத்துல கட்டிப் போட்டுட்டாங்க.

இந்தத் தேதிக்கு இது பூக்குறதுக்குக் காரணம் இருக்கு. சாமந்திக்கு ராத்திரி நீளமா இருந்தாத்தான் மொட்டு பிடிக்கும். ஓசூர் பக்கம் தோட்டத்துல ராத்திரியெல்லாம் பல்பு எரியுதேன்னு நீ ஒரு தரம் பஸ்ஸுலேர்ந்து பார்த்துட்டுக் கேட்டியே, அது இதுக்குத்தான். வெளிச்சம் காட்டிப் பூக்குறதைத் தள்ளிப் போட்டு, விலை ஏறுற நாளுக்குப் பறிப்பாங்க. இங்க அக்டோபர்லயே சாயங்காலம் சீக்கிரம் இருட்டிடுது, பூ தானா இந்தத் திருநாளுக்கு வந்து நிக்குது.

மறுநாள் மதாமோட நானும் போனேன். அவங்களால தொட்டியைத் தூக்க முடியல. நம்ம ரெண்டுல ஒண்ணை அவங்க மிசே, அதான் வீட்டுக்காரர், கல்லறைக்கே குடுத்துட்டேன். சாமிக்கு வாங்கினதை எப்படிக் குடுத்தன்னு நீ கேப்ப. படைக்கலம்மா, வாசல்லதான் இருந்துச்சு. மதாம் கையுறையைக் கழட்டிட்டு, கல்லு மேல ஒட்டியிருந்த பாசியைக் கட்டை விரல் நகத்தாலயே சுரண்டினாங்க. பேர்ல கடைசி ரெண்டு எழுத்து தெரியற வரைக்கும் விடல. நான் தொட்டியைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்.

திரும்பி வந்து அவங்க வீட்டுல காப்பி குடிக்கும்போது ஜன்னல்ல பார்த்தா, ஒரு அழகான தொட்டியில நித்தியகல்யாணி! நீ மண்ணோட பிடுங்கி எறிவியே, சுடுகாட்டு மல்லி வீட்டுக்கு ஆகாதுன்னு, அதேதான். குளிர் தாங்காதுன்னு உள்ளே கொண்டு வந்து வச்சிருக்காங்க. எங்க ஊர்ல இதைச் சுடுகாட்டுல பார்க்கலாம்னு சொன்னேன். இப்ப நான் சிரிக்கிற முறை.

ஆனா அம்மா, அந்தச் செடியை இனிமே வையாதே. அதோட பூர்வீகம் மடகாஸ்கர். குழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்குப் போடுற வின்கிறிஸ்டின் இதுலேர்ந்துதான் வருது. இதோட சத்தை வச்சே வினோரெல்பின்னு இன்னொரு மருந்தை பியேர் பொத்தியேங்கிற விஞ்ஞானி தலைமையில இந்த நாட்டுலயே உண்டாக்கினாங்க. மதாமோட தங்கச்சிக்கு அதைத்தான் ஏத்தினாங்களாம். அதுக்காக இலையைப் பறிச்சுக் கஷாயம் வச்சிடாதே. செடி விஷம், மருந்தாக்குறது ஆஸ்பத்திரிக்காரங்க வேலை.

நம்ம துலுக்கச் சாமந்தி கதை இன்னும் வேடிக்கை. இங்க நகராட்சி தர்ற தோட்டத் துண்டுல மதாமுக்கும் ஒண்ணு இருக்கு. கோடையில நாங்க ரெண்டு பேரும் தக்காளி போட்டோம். வரப்பு பூரா துலுக்கச் சாமந்தி நட்டாங்க. அதோட வேர்லேர்ந்து கசியிறது, செடி வேரைக் கெடுக்குற நூற்புழுவுக்கு ஆகாது. பேரைக் கேட்டேன். 'இந்தியாவோட கார்னேஷன்'னு அர்த்தம் வர்ற பேர் சொன்னாங்க. வெள்ளைக்காரன் இங்கிலீஷ்ல அதையே பிரெஞ்சு மேரிகோல்டுங்கிறான். நாம துலுக்கங்கிறோம். பூ என்னவோ மெக்சிகோ பக்கத்துது! ஒவ்வொருத்தரும் அடுத்தவன் ஊர்னு சொல்லித் தள்ளி விட்டிருக்கோம்.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். பாரிஸ்ல லா ஷப்பேல்னு ஒரு இடம், நம்ம பெரிய மார்க்கெட்டுல ஒரு சந்து மாதிரி. இலங்கைத் தமிழ்க் கடைங்க, நம்ம ஊர்க்காரங்களும் உண்டு. அங்க விமானத்துல வந்த மல்லி கிடைக்கும். முழத்துக்கு என்ன விலைன்னு சொன்னா தலைல கை வச்சுக்குவ. தேர்த் திருவிழா அன்னைக்கு உதிரியா வாங்கினேன். வாழை நார் இல்ல, தையல் நூலை நனைச்சுத்தான் கட்டினேன். ரெண்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம், ஒரு சுருக்கு. குளிர்பெட்டியில வந்த மொட்டு, காம்போரம் பழுப்பேறி, இறுக்கினா உடையுது. லூசா விட்டா நழுவுது. ஒரு முழம் கட்ட ஒரு மணி நேரம் ஆச்சு. நீ டிவி பார்த்துக்கிட்டே பத்து நிமிஷத்துல கட்டுவ.

வேலைக்கு மட்டும் வச்சுட்டுப் போக முடியாது. நான் இருக்குற முதியோர் இல்லத்துல ஒரு நாள் வச்சுட்டுப் போனேன். வாசனை ஜாஸ்தி, சில பேருக்கு ஒத்துக்காதுன்னு மேலாளர் கழட்டச் சொல்லிட்டாங்க. கழட்டி டிபன் டப்பாவுல போட்டு மூடி வச்சேன். அன்னைக்குத் தயிர்சாதம் பூரா மல்லி வாசனை. இதே நாட்டுல தெற்க க்ராஸ்ங்கிற ஊர்ல, நம்ம ஜாதிமல்லியை விடியக்காலையில பறிச்சு, அத்தர் எடுத்து, தங்க விலைக்கு விக்கிறாங்க. அந்தத் தொழிலை யுனெஸ்கோ 2018-ல தன் பட்டியல்ல வேற சேர்த்திருக்கு. பாட்டில்ல இருந்தா மரியாதை, தலைல இருந்தா ஒத்துக்காது.

மே மாசம் 1-ம் தேதி ஒருத்தருக்கொருத்தர் ஒரு கொத்து வெள்ளைப் பூ குடுத்துக்குவாங்க, முகேன்னு பேரு. குட்டிக் குட்டி மணி தொங்குற மாதிரி இருக்கும். நான் ஆசையா தலைல சொருகப் போனேன். அவரு தடுத்துட்டாரு, அதுல பூவும் விஷம், ஊற வச்ச தண்ணியும் விஷம். நம்ம வேலியில பூக்குற செங்காந்தள் மாதிரி, பார்க்கத்தான்.

துலிப் கிழங்கு அனுப்பச் சொன்னியே, வேணாம். அது மூணு மாசமாவது நல்ல குளிர்ல கிடந்தாத்தான் தண்டு நீண்டு பூ வெளியே வரும். நம்ம வெயில்ல இலை விட்டுட்டு நின்னுடும். ஃபிரிட்ஜ்ல வச்சுப் பார்க்கலாம், ஆனா பக்கத்துல ஆப்பிள் வச்சா அதுலேர்ந்து வர்ற வாயு மொட்டைக் கெடுத்துடும். உன் ஃபிரிட்ஜ்ல மாவுக்கே இடமில்ல. நீயும் யார் கையிலயாவது மல்லிப் பதியன் குடுத்து அனுப்பிடாதே. சான்றிதழ் இல்லாத செடியை இங்க விடமாட்டாங்க, மண்ணோட வந்தா சுத்தமா ஆகாது.

தானே புயல்ல, 2011-ல விழுந்த பவழமல்லி அடிக்கட்டையிலேர்ந்து துளிர்த்து வந்துச்சே, அது இந்த வருஷம் உதிருதா? காலையில வாசல் தெளிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, மதாமுக்குக் காட்டணும். குண்டுமல்லிக்கு இப்பவே கத்தரி வைக்காதே, மழை நல்லா விடட்டும். அப்புறம் முட்டிக்குக் கீழ வரைக்கும் தைரியமா வெட்டச் சொல்லு தம்பியை. போன வருஷம் பாவம் பார்த்து நுனியை மட்டும் கிள்ளினான், பங்குனியில நாலு மொட்டுதான் வந்துச்சுன்னு நீதான் புலம்பின.

பாப்பா எழுந்துட்டா.

உன் மகள்