குவளையைக் கீழே வை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கற்பூரவல்லியின் அடி இலைகள் மஞ்சள் பூத்து, தொட்டால் கையோடு வந்துவிடும் போலத் தொங்குகின்றன. "தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், இருந்தும் வாடுகிறது" என்று எழுதியிருக்கிறாய். "இருந்தும்" இல்லையம்மா, அதனால்தான்.

நல்ல இலை ஒன்றைக் கிள்ளி ஒடித்துப் பார். நறுக்கென்று ஒடிந்து சாறு கசியும். தனக்கு வேண்டிய தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிற செடி அது. மண்ணும் ஓயாமல் நனைந்திருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகிவிடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். நாமோ அதைப் பார்த்துப் பதறி இன்னொரு குவளை ஊற்றுவோம். என் முதல் செடியை நான் இப்படித்தான் கொன்றேன். உன் அம்மா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

தொட்டியை மெல்லக் கவிழ்த்து வேரைப் பார். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் மண் காயும்வரை அப்படியே விட்டுவிடு, பிழைத்துக்கொள்ளும். பழுப்பேறிக் கூழாகி நாற்றமடித்தால் வேரை மறந்துவிட்டு நுனியைக் காப்பாற்று. விரல் நீளத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. வெட்டிய இடத்தில் உள்ளே பழுப்பு தெரிந்தால் இன்னும் மேலே போ. சுத்தமான பச்சை தெரிய வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காய அரை நாள் நிழலில் போட்டு வை. பிறகு மணல் கலந்த மண்ணில், ஒரு கணுவாவது உள்ளே புதையும்படி நடு. வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்காதே (சின்ன வயதில் விதையைத் தோண்டித் தோண்டிப் பார்த்தவள் நீ). உச்சியில் புதுத் துளிர் வந்தால் பிடித்துவிட்டது என்று பொருள்.

காலை வெயில் போதும். உச்சி வெயிலில் இலை சிறுத்து மஞ்சளாகும். இருட்டு மூலையில் தண்டு நெட்டையாக வளர்ந்து சாயும். உறைபனியைத் தாங்காது. நுனியை அவ்வப்போது கிள்ளிக்கொண்டே இரு, பக்கக் கிளை அடர்ந்து வரும். கிள்ளிய விரலை முகர்ந்தால் ஓம வாசனை அடிக்கும். ஓமத்தில் இருக்கிற தைமால் என்ற வாசனைப் பொருள் இதிலும் உண்டு, ஓமவல்லி என்ற பெயரும் அதனால்தான். நூல்களில் தேடினால் குழம்பிவிடாதே: 1790-இல் இதற்குக் கோலியஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார்கள், பிறகு பிளெக்ட்ராந்தஸ் என்றார்கள், இப்போது மறுபடியும் கோலியஸ். செடி மட்டும் மாறவேயில்லை.

பூனை எட்டாத இடத்தில் வை. நமக்குத் தொண்டைக்கு இதமான இலை பூனைக்கும் நாய்க்கும் ஆகாது. உன் இருமலும் ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டதாக உன் குரலிலேயே தெரிகிறது. இலையை மென்றுகொண்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பார்.

வேரைப் படம் எடுத்து அனுப்பு. அதுவரை குவளையைத் தொடாதே.

அன்புடன்,
அப்பா