குழந்தைகளுக்கும் ஒரு சுற்று வேண்டும்

ஆசிரியருக்கு,

நீலகிரியின் பழைய பங்களாக்களை வழிகாட்டியுடன் சுற்றிக் காட்டும் ஏற்பாட்டை விரிவாக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் கோடையில் மலையேறி வருவோர் பலர் சின்னப் பிள்ளைகளுடன்தான் வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. சென்ற ஆண்டு இங்குள்ள ஒரு பழைய மாளிகைக்கு என் ஐந்து வயது மகளோடு போனேன். வழிகாட்டி கலெக்டர்கள், கவர்னர்கள் பெயர்களை ஆண்டு வாரியாக ஒப்பித்துக்கொண்டே போனார். அவளோ கணப்புக்குள் தலையை நீட்டி, "புகை எந்த வழியாப் போகும்?" என்று கேட்டாள். "தொடாதே பாப்பா" என்பதுதான் கிடைத்த பதில். அப்புறம் வெளியே வந்து கூரைமேல் நின்ற புகைபோக்கியை நானே காட்டினேன். அன்றைக்கு அவள் மனத்தில் நின்றது அது ஒன்றுதான்.

கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில், அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம். வார இறுதிக் காலைகளில், பத்து வயதுக்கு உட்பட்டோருக்கென்று அரை மணி நேரச் சுற்று, தமிழில். சுவரின் தடிமனைப் பிள்ளைகளே முழம் போட்டு அளக்கட்டும். பெரியவர்களும் குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டிய தோடர் பழங்குடியினரின் வீட்டு வாசலையும் சேர்த்துக் காட்டினால், துரைமார் வருமுன்பே இங்கே வீடுகள் இருந்தது தானாகவே புரியும். இதற்கு உள்ளூர்க் கல்லூரி மாணவர்களுக்குக் கோடை விழாவுக்கு முன் சில நாள் பயிற்சி கொடுத்தால் போதும்.

– ஒரு வாசகி, குன்னூர்