எண்ணூர் அலையாத்திக்கு வாய்க்கால் வெட்டச் சொன்னவருக்கு

வனத்துறையில் ஓய்வு பெற்றபின், எண்ணூர் கழிமுகத்து மக்களைச் சேர்த்து அறக்கட்டளை தொடங்கிய ஐயாவுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. பெயர் போடக் கூடாது என்பது அவர் கண்டிப்பு.

கழிமுகத்து உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களுக்கு, நாற்றைவிட நீரோட்டம்தான் முக்கியம் என்று பதிய வைத்தவர் அவர். அலை வந்து போகாத பள்ளத்தில் தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு ஏறும். அங்கே எதை நட்டாலும் கருகும். அதனால் முதலில் மீன்முள் வாய்க்கால்: நடுவே ஒன்று, அதிலிருந்து சாய்வாகக் கிளைகள். வண்டல் அடைத்தால் உழைப்பு அத்தனையும் வீண், தூர் வாரியே ஆக வேண்டும்.

அலையாத்தி வகைகளில் சுரபுன்னைக்குக் குச்சியைத்தான் நட வேண்டும், அதாவது காய் மரத்தில் இருக்கும்போதே முளைத்துக் கீழே நீளும் நாற்றை. காய்க்குக் கீழே மஞ்சள் வளையம் தெரிந்தால்தான் முற்றியது. கூர்முனை கீழே, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள். மேலாக ஊன்றினால் அலை இழுத்துவிடும். இன்னொரு வகையான வெண்கண்டலின் விதையை ஊறவைத்து, தோல் கழன்றபின் நாற்றுப் பையில் போட வேண்டும். வளர்ந்த தழையை மாடு விடாது, வேலி கட்டாயம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. சேற்றுக்கு மேலே நீட்டி நின்று மூச்சு வாங்கும் மூச்சுவேரை எண்ணெய் மூடினால் மரத்துக்குக் காற்று கிடைக்காது. அவசரப்பட்டு இறங்கி மிதித்தால் எண்ணெய் சேற்றுக்குள் புதைந்து இன்னும் கெடும் என்று நிதானமாக விளக்கியவரும் அவரே. ஐயா, அந்தப் பொறுமைக்குத் தனியாக ஒரு கும்பிடு.