சேகர மனநலப் பராமரிப்புக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

சேகர குருவானவர் அவர்களுக்கும், கமிட்டியாருக்கும், சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால், நம் சேகரத்துச் சபைகளில் மனநோயால் வாடுவோரைச் சந்தித்து உதவும் நம் குழு இன்னும் ஓர் ஆண்டை நிறைவு செய்திருக்கிறது. அக்டோபர் 10, உலக மனநல நாளையொட்டிய ஞாயிறன்று சிறப்பு ஆராதனை நடந்தது. வாலிபர் சங்கத்துக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் ஒவ்வொரு வகுப்பு எடுக்கப்பட்டது. அசனப் பண்டிகையில் துண்டுப் பிரசுரம் கொடுத்தோம். மாதக் கூட்டங்கள் சில, வருகை போதாமல் தள்ளிவைக்கப்பட்டன.

இந்த ஆண்டின் முக்கிய வேலை வீடு சந்திப்பு. "ஜெபிக்க வேண்டிய இடத்தில் மாத்திரையைப் பற்றியே பேசுகிறார்கள்" என்று கமிட்டியில் குறை சொல்லப்பட்டதால், நாங்கள் செய்வதை விவரமாகவே எழுதுகிறேன்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டு இரண்டு பேராகப் போகிறோம். பெண்களைச் சந்திக்கும்போது இருவரில் ஒருவராவது பெண். அரைமணி நேரத்துக்கு மேல் உட்காருவதில்லை. முதலில் தூக்கம், சாப்பாடு, மாத்திரை மூன்றையும் விசாரிக்கிறோம். "ஜெபிக்கலாமா?" என்று கேட்டு, சம்மதித்தால் சுருக்கமாக ஜெபிக்கிறோம். அறிக்கையிடாத பாவம் ஏதாவது உண்டா என்று ஒருபோதும் கேட்பதில்லை. மனச்சோர்வில் இருப்பவர் ஏற்கெனவே தன்னைப் பெரும்பாவி என்றும் ஆண்டவர் தன்னைக் கைவிட்டார் என்றும் நம்பிக்கொண்டிருப்பார். அந்தக் குற்றவுணர்வே நோயின் அறிகுறி. வற்புறுத்தினால் செய்யாத பாவத்தையும் ஒப்புக்கொள்வார்.

இது வேதத்துக்குப் புறம்பான முறை அல்ல. 1 இராஜாக்கள் 19-இல் சூரைச்செடியின்கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்ட எலியாவைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டான், எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டு மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா ஓரேப் பர்வதத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான். திருச்சபைகள் சேர்ந்து நடத்தும் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தரும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. மருத்துவமும் ஊழியமே என்பது நம் திருச்சபைகளுக்குப் புதிதல்ல.

மனச்சோர்வுக்கான மாத்திரை இரண்டு இடங்களில் தடைப்படுகிறது. ஒன்று, தொடங்கிய முதல் இரண்டு வாரம். குமட்டலும் தலைவலியும் முதலில் வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்துவது அப்போதுதான். மற்றொன்று, குணம் தெரிந்தபின். நன்றாக ஆனபிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்பதே மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரலாம், நோயும் திரும்பலாம். ஆகையால், "விசுவாசத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்ற சாட்சிக்கு மேடையில் இடம் தரவேண்டாம் என்று குருவானவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதைக் கேட்கும் இன்னொருவர் அன்றிரவே மாத்திரையைத் தூர வைத்துவிடுவார்.

லெந்து உபவாச காலம் பற்றியும் ஒரு வார்த்தை. மனநிலையின் ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கப்படும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்கக்கூடாது. உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதைப் பிசாசின் கிரியை என்று நினைத்து ஜெபித்துக்கொண்டிருக்கக் கூடாது.

சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. வயல் வைத்திருக்கும் வீடுகளில் பூச்சிமருந்தை வேறு இடத்தில் பூட்டிவைக்கச் சொல்கிறோம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) இரவும் பகலும் தமிழில் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், பிரிவு 115.

மிகுந்த வருத்தத்தோடு சொல்ல வேண்டியது ஜெபக்குறிப்பு. உபவாச ஜெபத்தில் பெயரும் நோயும் சேர்த்து வாசிக்கப்பட்டு, மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ஊர் முழுவதும் போய்விடுகிறது. பெண் கேட்டு வந்தவர்கள் பின்வாங்குகிறார்கள். அந்தக் குடும்பம் ஆலயத்துக்கு வருவதையே விட்டுவிடுகிறது. பெயரை மட்டும் எழுதுங்கள். "சுகவீனம்" என்பது போதும்.

வீடு சந்திப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிறகு வரவில்லை. கன்வென்ஷன் கூட்டங்களுக்கு நேரம் இருக்கும் நமக்கு, மாதத்தில் ஒரு வீட்டுக்கு அரைமணி நேரம் இல்லையா? சந்தாவும் அப்படியே. மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். ஆனால் அதை வாங்கிவர பஸ் கட்டணமும் வேண்டும், ஒரு நாள் கூலியும் போகும். சந்தா அதற்குத்தான் செலவாகிறது. வரவைவிடச் செலவு சற்றுக் கூடியது. பண்டிகைக் காணிக்கையில் ஒரு பகுதி கொடுத்துக் கமிட்டி சரிக்கட்டியது. விவரம் பொருளாளரிடம் உள்ளது.

குருவானவர் அவர்களுக்கும், உபதேசியார் அவர்களுக்கும், வகுப்பெடுத்த மருத்துவருக்கும், தேநீர் தந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் நன்றி.

இப்போது சந்திப்புக்குப் போகிறவர்கள் எல்லோரும் வயதானவர்கள். மூன்று தெருக்களுக்கு ஆளே இல்லை. இளைய தம்பதிகள் இரண்டு பேர் முன்வந்தாலும் வரும் ஆண்டு அந்த வீடுகள் விட்டுப்போகாது. பெயரையும் சந்தா பாக்கியையும் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய அலுவலகத்தில் கொடுக்கலாம். நான் அங்கே இருப்பேன்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்