மாதிரியோடு தரவுத் தயாரிப்பும் கைமாற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்தரவிலிருந்து பயனுள்ள போக்குகளைத் தேடி எடுக்கும் தரவு அகழ்வு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை கணிப்பு முறைகளைத் தெளிவாக விளக்கியது. ஆனால், உருவாக்கிய மாதிரி (பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் ‘மாடல்’) ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை அது தொடவில்லை. காப்பீட்டுத் துறையில் பல ஆண்டுகள் இவ்வேலையைச் செய்தவன் என்பதால், பெரும்பாலான தவறுகள் அந்த இடத்தில்தான் நேர்கின்றன என்று உறுதியாகச் சொல்வேன்.

வேலையின் வரிசைமுறைக்கு நல்ல தரநிலை நெடுநாளாகவே இருக்கிறது. டைம்லர், என்.சி.ஆர்., எஸ்.பி.எஸ்.எஸ்., நெதர்லாந்தின் காப்பீட்டு நிறுவனமான ஓஹ்ரா ஆகிய நிறுவனங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் உருவாக்கிய கிரிஸ்ப்-டி.எம். என்ற தரவு அகழ்வு வழிகாட்டி 2000-இல் வெளிவந்தது. தொழிலின் தேவையைப் புரிந்துகொள்வதில் தொடங்கி மாதிரியை நடைமுறைக்குக் கொண்டுவருவது வரை ஆறு கட்டங்களை அது வகுக்கிறது. எனினும் அந்தக் கடைசிக் கட்டத்தில் மாதிரி எந்தக் கோப்பு வடிவில் கைமாற வேண்டும் என்பதை அது வரையறுப்பதில்லை.

நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், எந்தப் பாலிசிகள் காலாவதியாகக்கூடும் என்று கணிக்கும் முடிவு மரம் (கேள்விகளாகக் கிளைபிரிந்து விடைக்குச் செல்லும் மாதிரி) ஒன்றை உருவாக்கினோம். நாங்கள் எழுதிக் கொடுத்த விதிகளைப் பார்த்து நிரலாளர்கள் அதை வேறொரு மொழியில் புதிதாக எழுதினார்கள். ஆண்டு வருமானம் பதிவாகாத இடங்களை நாங்கள் இடைநிலை மதிப்பால் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) நிரப்பியிருந்தோம். புதிய நிரலிலோ அவை பூஜ்யமாயின. வருமானம் குறிப்பிடாதவர்கள் அனைவரும் பல வாரங்களுக்கு ஆபத்துப் பட்டியலில் நின்றார்கள். விதிகளைக் கொடுத்த நாங்கள் அவற்றுக்கு முந்தைய தரவுத் தயாரிப்பை, அதாவது விடுபட்டவற்றை நிரப்பிய முறையை, கொடுக்கவில்லை.

இதற்காகவே டேட்டா மைனிங் குரூப் என்ற கூட்டமைப்பு 1990-களின் பிற்பகுதியிலிருந்து பி.எம்.எம்.எல். என்ற கோப்பு வடிவத்தை, எக்ஸ்.எம்.எல். என்னும் குறியிடல் மொழியில், வளர்த்து வந்திருக்கிறது. எந்தப் புலங்கள் (வயது, வருமானம் போன்ற தரவு வகைகள்) தேவை, விடுபட்ட மதிப்புக்கு என்ன செய்வது, எந்த உருமாற்றம் முதலில் நடக்க வேண்டும் என்பவற்றை மாதிரியுடன் ஒரே கோப்பில் அதில் எழுதலாம். சரிபார்ப்புக்கான சோதனைப் பதிவுகளையும் அவற்றுக்கு வர வேண்டிய விடைகளையும்கூட அதிலேயே வைக்கலாம். இந்த வசதியைப் பலர் பயன்படுத்தாதது எனக்கு உண்மையான வருத்தம்.

2017-இல் ஃபேஸ்புக்கும் மைக்ரோசாஃப்டும் தொடங்கிய ஓ.என்.என்.எக்ஸ். என்ற திறந்த கோப்பு வடிவம் இன்று நரம்பு வலையமைப்புகள் என்னும் மாதிரி வகைக்குப் பரவலாகப் பயன்படுகிறது. ஆயினும் வலையமைப்பை மட்டும் ஏற்றுமதி செய்துவிட்டு, தரவுத் தயாரிப்பைத் தனி பைத்தான் நிரலில் விட்டுவிடும் பழக்கம் தொடர்கிறது. பைத்தான் நிரல்மொழி தன் தரவைச் சேமிக்கும் பிக்கிள் கோப்பாகவே மாதிரியைக் கொடுப்பவர்களும் உண்டு. நம்பகமற்ற பிக்கிள் கோப்பைத் திறக்கக் கூடாது என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது.

ஆகவே, கணிப்பு மாதிரிகளை வெளியாரிடமிருந்து வாங்கும் வங்கிகளும் அரசுத் துறைகளும் தங்கள் ஒப்பந்தப்புள்ளியிலேயே மூன்றைக் கேட்க வேண்டும்: திறந்த வடிவத்தில் மாதிரி, அதனுடன் தரவுத் தயாரிப்பின் எல்லாப் படிகளும், விடை தெரிந்த சோதனைப் பதிவுகள். அந்தப் பதிவுகளுக்குப் புதிய மென்பொருளில் அதே விடை வரும் வரை இறுதித் தவணையை விடுவிக்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்