லினக்ஸைத் திட்டுறதுக்கு முன்னாடி கேபிளைப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

லினக்ஸ் போட்டதுலேர்ந்து எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் ஆமை மாதிரி போகுதுனு உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு வாசகர் புலம்பியிருந்தாரு, கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் நானும் அவர் கட்சிதான்.

என்கிட்ட இருக்குற டிஸ்க்ல காப்பி போட்டா முதல் ஒரு ஜிபி சர்ருனு போகும், அப்புறம் செகண்டுக்கு 35 எம்பிக்கு இறங்கி அங்கயே உக்காந்துக்கும். லினக்ஸ்தான் கோளாறுனு முடிவு பண்ணி, லினக்ஸ் மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டி போட்டுப் பாத்தேன், அங்கயும் அதே 35. ரெண்டு வேற வேற கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி), ஆனா ஒரே நம்பர், அப்பவே உறைச்சிருக்கணும், உறைக்கல. ரெண்டு நாள் கழிச்சு ஃப்ரீபிஎஸ்டி ஸ்டார்ட் ஆகும்போது காட்டுற பூட் மெசேஜை சும்மா மேல தள்ளிப் பாக்குறப்ப டிஸ்க் பேருக்குக் கீழயே 40.000எம்பினு போட்டிருக்கு, யுஎஸ்பி 3ல ஓடியிருந்தா அங்க 400னு இருக்கும். லினக்ஸ்ல, யுஎஸ்பில சொருகினதையெல்லாம் காட்டுற எல்எஸ்யுஎஸ்பி கமாண்டோட மைனஸ் டி சேத்து (lsusb -t) அடிச்சேன், 5000எம்னு வரவேண்டிய இடத்துல 480எம் (இது மெகாபிட் கணக்கு, எம்பி இல்ல). அதாவது பழைய, மெதுவான யுஎஸ்பி 2, அதுல நெஜமா கைக்கு வர்றது 30, 40 எம்பிதான்.

டிஸ்க் பக்கம் சொருகுற அந்த அகலமான முனை லூசு, அவ்வளவுதான் விஷயம். யுஎஸ்பி 3 கேபிளுக்குள்ள 2க்கான கம்பி தனி, 3க்கான கம்பி தனி, 3 கம்பி சரியா தொடலனா எரர் ஒண்ணும் காட்டாது, கமுக்கமா 2ல ஓட ஆரம்பிச்சுரும். வேற கேபிள் போட்டேன், 110 எம்பி வந்துச்சு.

அப்ப முதல் ஒரு ஜிபி மட்டும் எப்படிப் பறந்துச்சுனா அது டிஸ்க்குக்கே போகல, லினக்ஸ் ரேம்ல வாங்கி வெச்சுகிட்டு காப்பி ஆயிடுச்சுனு பார்ல காட்டும், பாதி அங்கதான் நிக்கும். காப்பி முடிஞ்சதும், ரேம்ல நிக்கிறத டிஸ்க்குல எழுதி முடிக்கச் சொல்ற சிங்க் (sync) கமாண்டை அடிச்சு அது திரும்பி வர்ற வரைக்கும் காத்திருந்தாதான் உண்மை தெரியும் (நூறுனு காட்டுனதும் பிடுங்கி ஃபைலைத் தொலைச்ச அனுபவமும் இருக்கு, அத விடுங்க).

இன்னொண்ணு, டிஸ்க்கை அப்படியே காப்பி பண்ற டிடி (dd) கமாண்டை, ஒரு தடவைக்கு எவ்வளவு எடுக்கணும்கிற பிளாக் சைஸ் குடுக்காம ரெண்டு சிஸ்டத்துலயும் ஓட்டி ஃப்ரீபிஎஸ்டி மோசம்னு சொல்றாங்க. சும்மா விட்டா டிடி 512 பைட்டா எடுக்கும், லினக்ஸ்ல நடுவுல ரேம்ல சேத்து வெக்கிற கேஷ் இருந்து காப்பாத்துது, ஃப்ரீபிஎஸ்டில ஒவ்வொரு 512உம் நேரா டிஸ்க்குக்கே போகுது. ரெண்டுலயும் 1 எம்பி சைஸ் குடுத்துட்டு அப்புறம் சண்டை போடுங்க.

லினக்ஸ் மேல தப்பே இல்லைனும் சொல்லல. விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபார்மட்ல இருக்குற டிஸ்க்குனா பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் கெர்னலுக்கு வெளிய ஓடுறதால பிராசசரை நல்லா தின்னும், 2021ல வந்த 5.15 கெர்னல்லேர்ந்து உள்ளயே என்டிஎஃப்எஸ்3னு ஒண்ணு இருக்கு, டிஸ்க்கை அதுல மவுன்ட் பண்ணி (அதாவது அது வழியா திறந்து) பாக்கலாம். ஆனா இதெல்லாம் அந்த 480 சரியான பிறகு பாக்கவேண்டியது.

அந்த வாசகர் தன் மெஷின்ல 480 வருதா 5000 வருதானு மட்டும் பாத்து எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
கேபிள் மாத்துன ஒரு வாசகர்